ஒரு விமானமும் இரண்டு வாக்கியங்களும்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவன் தனசேகர். என்னோடு கல்லூரியில் படித்தவன், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். அவனுடைய ஒரே மகள் இனியா விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். போன வருடம், தனியாக ஓட்டிவந்த பயிற்சி விமானத்தோடு கொல்லிமலைச் சரிவில் மோதி இறந்துபோனாள். அதற்குச் சற்று முன்பு பண்ணை வீட்டுக்கு மேலே வந்தாள். அப்போது விமானத்தில் ரேடியோ வேலை செய்யவில்லை.

எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். கடைசிவரை ஒளித்து வைத்திருந்து உங்கள் மடியில் தூக்கிப் போடுகிற வித்தை எனக்கும் தெரியும். அதைச் செய்து கொஞ்சம் பெயரும் வாங்கியிருக்கிறேன். இந்த முறை மனம் வரவில்லை.

தனசேகர் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தோம். என் மனைவி அக்சிலியா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். ஏடு படிந்துபோனது.

"ஏன்டா சேவியரு, நீதான் கதையெல்லாம் எழுதறவன். என்ற புள்ளையப் பத்தி ஒண்ணு எழுதிக் குடு."

"எழுதறேன்டா. என்ன எழுதணும் சொல்லு."

"நெசத்தத்தான் எழுதோணும். ஆனா ஒண்ணு. மொதல்ல அவ ரெக்கைய ஆட்டுனா. அதுக்கப்பறந்தான் நான் கையக் காட்டுனேன். இத மட்டும் மாத்திப்போடாத."

அவ்வளவுதான் கேட்டான். இரண்டு வாக்கியங்கள், அவற்றில் எது முன், எது பின். சரி என்றேன். நண்பனுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் இத்தனை வருடம் எழுதி என்ன கிழித்தேன் என்று நினைத்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

2

முதல் தொடக்கம்:

"வானம் அன்று மேற்கே தெளிவாக இருந்தது. கிழக்கே மலைமேல் மட்டும்

(நிறுத்திவிட்டேன். மேகத்தை முதல் பத்தியிலேயே கொண்டுவந்து நிறுத்தினால், பிறகு அவள் வாழ்ந்ததெல்லாம் அந்த மேகத்துக்குள் போவதற்காகவே என்று ஆகிவிடும். அவள் இருபது வருடம் வாழ்ந்தாள். அதில் மேகம் வந்தது கடைசியில் சிறிது நேரம்.)

இரண்டாவது தொடக்கம்:

"இனியாவின் செவிக்கருவி மௌனத்தில் ஆழ்ந்தது."

(அக்சிலியா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "மௌனத்துல ஆழ்ந்துச்சா? கெட்டுப்போச்சுன்னு எழுதுங்களேன். நம்ம வீட்டு மிக்ஸி நின்னா மௌனத்துல ஆழ்ந்துருச்சுன்னா சொல்றோம்?" அவள் சொல்வதில் நியாயம் இருந்தது, அதனால் கோபம் வந்தது.)

மூன்றாவது தொடக்கம்:

"ரேடியோ கெட்டுப்போனது."

இதை வைத்துக்கொள்கிறேன். ஏன் கெட்டது என்பதற்கு விசாரணை செய்தவர்கள் பதில் சொன்னார்கள்: என்ஜினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் தருகிற கருவியின் பெல்ட் அறுந்துவிட்டது. பேட்டரியில் இருந்தது தீர்ந்ததும் ரேடியோ உட்பட எல்லாம் நின்றது. என்ஜின் நிற்கவில்லை. என்ஜினுக்கு அந்த மின்சாரம் தேவையில்லையாம். அதாவது விமானத்துக்குப் பறப்பதில் எந்தச் சிரமமும் இல்லை, பேசுவதற்குத்தான் வழியில்லை. கைப்பேசி? தனியாகப் பறக்கிற மாணவர்கள் படம் பிடித்து விளையாடுகிறார்கள் என்று அவளுடைய பள்ளியில் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வார்களாம். பள்ளியின் பெயர் வேண்டாம். வேறு மாநிலம்.

3

நான் ரயில்வேயில் பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த சிக்னல்கள் எல்லாம் தரையில் கம்பத்தின் மேல் நிற்பவை. ஆகவே வானில் தொடர்பு அறுந்தால் விமானி என்ன செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து படித்தேன். கதைக்காகத்தான் படித்தேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவள் எந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் முதல் விதி, விமானத்தை ஓட்டு என்பது. ரேடியோவைத் தட்டிக்கொண்டும் திருகிக்கொண்டும் இருந்து பறப்பதை மறந்தவர்கள் உண்டாம். விமானம் நேராகப் போகிறது என்று உறுதியானபிறகு, ஒலி குறைந்திருக்கிறதா, காதில் மாட்டியதன் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு பேசிக்கொண்டிருந்த அலைவரிசைக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். எதுவும் சரிவராவிட்டால், ‘எனக்கு ரேடியோ இல்லை’ என்று ரேடாருக்குத் தெரிவிக்கும் ஓர் எண் இருக்கிறது; அதைப் போட வேண்டும். (மொத்த மின்சாரமும் போனவர்களுக்கு இதுவும் கிடையாது.) பதில் கேட்காவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கும் பாகம் மட்டும் கெட்டிருக்கலாம், சொல்வது போய்ச் சேர்ந்துகொண்டிருக்கலாம் அல்லவா?*

* இந்த விதியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. பதில் வராத இடத்தை நோக்கிப் பேசிக்கொண்டே இருப்பது தமிழில் சிறுகதை எழுதுகிறவனுக்குப் புதிதா என்ன என்று வேடிக்கையாக ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் உண்மையிலேயே அப்படிப் பேசியிருப்பாள். காக்பிட்டில் தனியாக உட்கார்ந்து, மரியாதையாக, பாடத்தில் சொன்னபடி, தன் விமானத்தின் எண்ணைச் சொல்லி. அதன்மேல் ஏறி நின்று நான் என் வாசகர் கணக்கைப் பற்றிப் புலம்பக் கூடாது.

அதற்கப்புறம் இரண்டு வழி. மேகத்துக்குள் சிக்கியிருந்தால், புறப்படும்போது என்ன செய்வதாகச் சொன்னாயோ அதையே செய். நீ அதைத்தான் செய்வாய் என்று நம்பி, கீழே இருப்பவர்கள் உன் பாதையில் வேறு யாரும் வராமல் பார்த்துக்கொள்வார்கள். வானம் தெளிவாக இருந்தால், தரை தெரிகிற இடத்திலேயே இரு. பக்கத்தில் உள்ள பொருத்தமான விமான நிலையத்துக்குப் போ. கோபுரத்திலிருந்து விளக்கால் பேசுவார்கள். அசையாத பச்சை என்றால் இறங்கலாம். அசையாத சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே.

சேலம் விமான நிலையம் வடமேற்கே கிட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கம் வானம் திறந்து கிடந்தது. அவள் அங்கே போயிருக்க வேண்டும். ரேடியோ கெட்டால் அம்மா வீட்டுக்கு மேலே போய் நில் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

4

ஆனால் அவள் அங்கேதான் வந்தாள்.

அவளுக்கு அது பழக்கம். பயிற்சிப் பாதை நாமக்கல் பக்கமாக அமையும்போதெல்லாம் சற்று விலகி வந்து, பண்ணைக்கு மேலே இறக்கையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டிவிட்டுப் போவாள். பாதையை விட்டு விலகுவது தப்புதான். அனிதா, அவளுடைய அம்மா, மொட்டைமாடிக்கு ஓடிப்போய்க் கொடியில் காய்கிற துணி எது கைக்கு வருகிறதோ அதை உருவி வீசுவாள். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், அது தனசேகரின் பெண் என்று.

தனசேகருக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அவன் கோழி வளர்ப்பவன். கூண்டில் இருக்கிற முட்டைக்கோழிக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. மிரண்டால் மொத்த ஷெட்டும் ஒரே நேரத்தில் படபடத்து, இறக்கையை ஒடித்துக்கொண்டு, அடுத்தடுத்த நாட்களில் ஓடில்லாத தோல்முட்டையாகப் போடும். தீபாவளிக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பட்டாசுக்குப் பதிலாகப் புதுத்துணி எடுத்துக்கொடுத்துக் கெஞ்சுகிற ஆள் அவன். "மேலயே பற சாமி, கோழி மெரளுது" என்று போனில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். அவள் சிரிப்பாள்.

அன்று அவள் வழக்கத்தைவிடத் தாழ வந்தாள். போய்விடவும் இல்லை, சுற்றினாள். அனிதா மாடியில் ஒரு சுடிதார் துப்பட்டாவை வீசிக்கொண்டிருந்தாள். ஷெட்டுகளுக்கு நடுவே நின்ற தனசேகரின் கையில் வெறும் முட்டை அட்டை ஒன்று இருந்தது. உள்ளே கோழிகள் அலறுகின்றன. அவன் அந்த அட்டையைத் தலைக்குமேல் தூக்கி, கிழக்குப் பக்கமாக வீசிக் காட்டினான். "அக்கட்டால போ சாமி, அக்கட்டால போ" என்று கத்தினான். கிழக்கே பண்ணைகள் கிடையாது. மலைதான் இருக்கிறது.

அவள் இறக்கையை ஆட்டினாள். கிழக்கே திரும்பிப் போனாள்.

(மேலே உள்ள வரிசையைப் பொருட்படுத்தாதீர்கள். எதையாவது முதலில் எழுதித்தானே ஆக வேண்டும்? அடுத்த கைப்படியில் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.)

5

எனக்கு இந்தக் கதாபாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தது. பயிற்சி பெற்ற பெண். தரை தெரிகிற இடத்திலேயே இரு என்று படித்தவள். லுங்கி கட்டிய ஒருவர் முட்டை அட்டையை வீசினார் என்பதற்காக மேகம் மூடிய மலையை நோக்கிப் போவாளா? அதுவும் இனியா? வேளாண்மை படி என்று அப்பா சொன்னதற்கு, ‘கோழிகூடப் பறக்க ஆசைப்படும்’ என்று பதில் சொன்னவள். மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று கேட்ட அத்தையோடு இன்றைக்கும் பேசாத

(பேசாதவள். இறந்தவர்களுக்கு ‘இன்றைக்கும்’ கிடையாது. கை பழக்கத்தில் எழுதிவிடுகிறது.)

விசாரணையில், கிழக்கே திரும்பிய காரணம் தெரியவில்லை என்று முடித்துவிட்டார்கள். அகலமாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பி சேலத்துக்குப் போக நினைத்திருக்கலாம். மலை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது மேகத்தில் தெரியாமல் போயிருக்கலாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நண்பன் சொன்ன வரிசைப்படியே எழுதி முடித்துவிடலாம் என்று போன் செய்தேன். அவனுக்கு ஏன் அந்த வரிசை அவ்வளவு முக்கியம் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது.

"யூடியூப்ல பாத்தன்டா" என்றான். "ரேடியோ கெட்டுப்போன பிளேனுக்குக் கீழருந்து லைட்டு காட்டுவாங்களாமா. பகல்ல அதுக்குப் பதிலு, ரெக்கைய ஆட்டறதாமா. நீ சொன்னது தெரிஞ்சுது, அதே மாதிரி செய்யறேன்னு அர்த்தமாமா."

நான் அந்த விதியைப் படித்திருந்தேன். விளக்குகளைப் பற்றிய பக்கத்திலேயே, கீழே இருந்தது. இந்தப் பண்ணையோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"அதுக்குத்தான் சொல்றேன். நான் காட்டறதுக்கு முந்தியே அவ ஆட்டிப்போட்டா. சும்மா, எப்பவும் ஆட்டற மாதிரி."

"உனக்கு நல்லா ஞாபகம் இருக்காடா?"

பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது.

"தீவன லாரி வந்துருச்சு. வெக்கறேன்."

6

இப்போது முடிவுகளைப் பார்ப்போம். இப்படிப்பட்ட கதைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகளைத் தருவது வழக்கம். கையாலாகாதவன் தாராள மனசுக்காரனாகக் காட்டிக்கொள்ள நல்ல வழி அது.

முதல் முடிவு: அவள் பண்ணைக்கு வரவே இல்லை. நேராகச் சேலத்துக்குப் போனாள். கோபுரத்தில் யாரோ ஒருவர் விளக்கை எடுத்தார். அசையாத பச்சை. அவள் இறங்கினாள், பயிற்சியாளரிடம் திட்டு வாங்கினாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து

(இதை எழுதிவிட்டு அழுதேன். அக்சிலியா வந்து படித்தாள். "இத அனிதாட்ட காட்டிராதீங்க" என்றாள். "அவங்களே தினமும் இதத்தான் நெனச்சுட்டு இருப்பாங்க." கிழித்துப் போட்டேன்.)

இரண்டாவது முடிவு: அவள் வருகிறாள். சுற்றுகிறாள். தனசேகருக்கு ஏதோ உறைக்கிறது. இவள் இவ்வளவு தாழ வரமாட்டாளே என்று. போனை எடுத்து யாரையாவது கூப்பிடுகிறான். யாரை? அவனிடம் எந்த எண் இருந்தது? பள்ளியின் எண்ணை அழைத்திருந்தாலும், அவர்கள் அதைச் சேலத்துக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவள் எங்கே போயிருப்பாள்? இந்த முடிவும் அவளை இறக்கிவிடவில்லை. அவனுக்கு ஒரு கூடுதல் வேதனையை மட்டும் கொடுக்கிறது.

மூன்றாவது முடிவு, நண்பன் கேட்டது. முதலில் அவள் ஆட்டினாள். பிறகு அவன் காட்டினான். இதில் அவள் வழக்கம்போல வணக்கம் சொல்கிறாள், தன் யோசனையில் திரும்புகிறாள், சாகிறாள். அப்பனுக்கு அதில் பங்கில்லை. பொய்யாகவே இருந்தாலும் ஒரு மனிதன் தூங்குவான். நான் முடிவெடுத்தேன். சுத்தமாக எழுதினேன். இருந்தாலும் மனம் கேட்காமல், வரிசையை மாற்றி இன்னொரு படியும் எழுதினேன். இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு பஸ் ஏறினேன்.

7

மதியம். ஷெட்டுகளில் பெரிய விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அனிதா சாப்பாடு போட்டாள். முட்டை வைக்கவில்லை, அந்த வீட்டில் இப்போது யாரும் முட்டை சாப்பிடுவதில்லை போலிருக்கிறது. கேட்கவில்லை.

"எழுதிட்டீங்களாமாங்ணா" என்றாள். "இவரு சொன்னாரு."

"எழுதிட்டேன்மா. உங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லதுன்னு பார்த்தேன்."

இதையும் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் எழுதுகிறவனுக்கு இந்த அரிப்பு உண்டு. தனசேகர் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் மேல இருந்து எல்லாம் பாத்தனுங்ணா" என்று அவள் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். "இவரு அட்டைய வீசுனாரு. அக்கட்டால போ சாமின்னு கத்துனாரு. அவ ஒடனே ரெக்கைய ஆட்டுனா. ஆட்டிப்போட்டு இவரு காட்டுன பக்கமே திரும்பிக்கிட்டா. பொறந்ததுலருந்து ஒரு நாளு அப்பன் பேச்சக் கேட்டவ இல்லீங்ணா அவ. அன்னைக்கிக் கேட்டா. சரிங்ப்பான்னு சொல்லீட்டுப் போனா. அத நெனச்சுத்தான் நான் உசுரோட இருக்கறேன்."

"இல்ல" என்றான் தனசேகர். "மொதல்ல அவதான் ஆட்டுனா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஷெட்டையல்லோ பாத்துக்கிட்டு நின்னீங்க." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவ மொதல்ல ஆட்டியிருந்தா, அது எங்களக் கூப்புட்டதா ஆயிருமுங்ளேண்ணா. ரேடியோ இல்லாம, என்ன பண்றதுன்னு தெரியாம, ஊட்டுக்கு மேல வந்து கூப்புட்டிருக்கறா. நான் டாட்டா காட்டியிருக்கறேன், இவரு வெரட்டியிருக்கறாரு. அப்படி இருக்குமாங்ணா? அப்படி இருக்காதில்ல?"

யூடியூபில் அவன் பார்த்த அந்த விதி அவளுக்குத் தெரியாது. அவன் அவளிடம் சொல்லவில்லை. அவன் வரிசையில் எழுதினால், அவளுடைய மகள் உதவி கேட்டு வந்து விரட்டப்பட்டவள். அவள் வரிசையில் எழுதினால், மகளை மலைக்கு அனுப்பியது அவன் கை. எந்த வரிசையிலும் இனியா இறங்கவில்லை. செத்தவளைக் காப்பாற்ற முடியாதென்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிற இரண்டு பேரில் ஒருவரைக்கூட என்னால் காப்பாற்ற முடியாது என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

எதையும் முன்பின் ஆக்காமல், இரண்டும் ஒரே நொடியில் நடந்ததாக எழுதலாமே என்று நீங்கள் நினைக்கலாம். முயன்றேன். பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலும் கண் ஒன்றைத்தான் முதலில் படிக்கிறது.

"படிங்ணா" என்றாள் அனிதா. "அண்ணன் எப்படி எழுதியிருக்கறாருன்னு கேக்கலாம்."

தனசேகர் என் பையையே பார்த்தான்.

இத்தனை தூரம் கூட வந்தீர்கள். இரண்டு படிகளையும் உங்களிடம் தருகிறேன், பிடியுங்கள். எதைப் படிப்பதென்று என்னால் முடிவு செய்ய முடியாது. அனிதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். அவன் நின்றுகொண்டிருக்கிறான். விசிறி இரைச்சலில் அவளுக்குச் சரியாகக் கேட்காது. சத்தமாகப் படியுங்கள்.